வெள்ளி அரைஞாணும் ஒரு லோடு ஆட்டோவும்

தைலம்மாளுக்குக் காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. மரக்காணத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீன் கூடையைத் தலையில் சுமந்தவள், இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் விழுப்புரம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒரு லோடு ஆட்டோவுக்கு முதலாளி. மூன்று சக்கரம், பின்னால் பெட்டி, முன்னால் ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரே ஒரு சீட்டு. அந்த ஒற்றைச் சீட்டை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அதில் புருஷனுக்கு இடமே கிடையாது.

இந்த ஆசை சும்மா வந்ததல்ல. போன கோடையில் ஒரு நாள் திண்டிவனம் சந்தைக்குக் கூடை நிறைய சங்கரா மீனோடு பஸ் ஏறினாள். யாரோ ஒருவர் மூக்கைப் பொத்தினார், இன்னொருவர் கண்டக்டரைப் பார்த்தார், கண்டக்டர் விசிலை ஊதிவிட்டார். பிரம்மதேசம் தாண்டி ஒரு புளியமரம்கூட இல்லாத இடத்தில் கூடையோடு இறங்கி நின்றாள். அடுத்த பஸ்ஸும் ஏற்றவில்லை. அன்றைக்கு மீனெல்லாம் வெயிலில் வெந்து வீணாகிப்போனது. மீன் போனதைவிட, கூடையை ஒரு தெருநாய் மோந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று போனதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அழுதாள். அழுது முடித்ததும் மகளிர் குழுவில் ஆட்டோ ஓட்டப் பழக்குகிறார்கள் என்று கேட்டு, முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். லைசென்ஸும் வாங்கிவிட்டாள். லைசென்ஸ் இருந்தது, ஆட்டோதான் இல்லை.

விழுப்புரத்தில் காய்கறி வியாபாரம் செய்யும் காந்திமதி, பெரிய வண்டி வாங்கிவிட்டதால் பழைய லோடு ஆட்டோவை விற்கிறாள் என்று குழுவில் சொன்னார்கள். தைலம்மாள் போய் ஓட்டிப் பார்த்து, பேசி முடித்துவிட்டு வந்தாள். நேற்று ராத்திரி காந்திமதியே போன் பண்ணி, இன்னொரு ஆள் ரொக்கத்தோடு நிற்கிறார், உனக்காக நாளைக்கு ஐந்து மணி வரைக்கும்தான் வைத்திருப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

பணத்துக்கு வழியை அவள் முன்னமே யோசித்து வைத்திருந்தாள். வீட்டில் யாருக்கும் ஆகாமல் கிடந்த பொன்னையும் வெள்ளியையும் தேடித் துருவி ஒரு மஞ்சள் பையில் போட்டிருந்தாள். ஜோடியைக் கடலுக்குக் கொடுத்துவிட்ட ஒற்றை ஜிமிக்கி, திருகு போன மூக்குத்தி, பையன் அரிபிரசாத் குழந்தையில் போட்ட தண்டை, மூடி தொலைந்த குங்குமச்சிமிழ், யாரோ மொய்க்குப் பதிலாக வைத்துவிட்டுப் போன வெள்ளிக் கிண்ணம். இதெல்லாம் பாதிக்குத்தான் ஆகும். மீதிக்கு அவள் கழுத்தில் கிடந்த முறுக்குச் சங்கிலி இருக்கிறதே. அதையும் போட்டால் ஆட்டோ போக ஐஸ் பெட்டிக்கும் மிஞ்சும் என்பது அவள் கணக்கு. இதை மட்டும் புருஷனிடம் அவள் மூச்சுவிடவில்லை.

ஏனென்றால் அந்தச் சங்கிலி என்றால் ராஜவேலுவுக்கு உயிர். அவளுடைய ஓரகத்தி அன்புச்செல்வி சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடந்த வருஷத்தில், அவன் பாண்டிச்சேரி போய் வாங்கி வந்து அவள் கழுத்தில் போட்டது. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் குப்பத்துப் பெண்கள் கழுத்தெல்லாம் பேங்குக்குப் போய்விடும். தைலம்மாள் கழுத்து மட்டும் மின்னும். அடகு என்ற பேச்சை எடுத்தாலே ராஜவேலு சாமி வந்தவன் மாதிரி ஆடுவான். என்ஜினை வைப்பேன், வலையை வைப்பேன், பெண்டாட்டி கழுத்தில் கை வைக்கமாட்டேன் என்பான். இதைச் சொல்லிச் சொல்லியே அவள் அன்புச்செல்வியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

வருஷம் தவறாமல் அவனே அதை வாங்கிக்கொண்டு போய் பாலிஷ் போட்டுக் கொண்டுவருவான். ஒரு வருஷம் பாலிஷ் போட்டு வந்த சங்கிலி ஒரு விரற்கடை நீளமாக இருந்தது. சூட்டில் தங்கம் இளகி நீளும் என்று அவன் விளக்கம் சொன்னான். அவளும் அதை நம்பி நாலு பேருக்குச் சொல்லிக் கொடுத்தாள். இன்னொரு முறை மரக்காணம் பஸ் ஸ்டாப்பில் பைக்கில் வந்த ஒருத்தன் சங்கிலியைப் பறிக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. தார் ரோட்டில் விழுந்து முட்டியில் தையல் போட்டதுதான் மிச்சம், சங்கிலி பத்திரம். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்த ராஜவேலு தலையிலடித்துக்கொண்டு, அதை விட்டுத் தொலைத்திருக்கலாமே என்று புலம்பினான். தன்னைவிடப் பொன் பெரிதில்லை என்று நினைக்கிற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் அன்றைக்கு நெகிழ்ந்து போனாள்.

ஆக, மத்தியானத்துக்கு முன்பே இருவரும் திண்டிவனம் நேரு வீதியில் இறங்கினார்கள். பழைய நகை வாங்கிக்கொண்டு உடனே பணம் தருகிற கடை ஒன்று அங்கே உண்டு. கடைக்காரர் ஜிதேந்திரன், செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். எல்லோரும் அவரை நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காதவர். மீன் கூடை வாசனை ஏறிய புடவைக்கு முன்னாலும் மூக்கைச் சுளிக்காமல், உட்காருங்கம்மா என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதற்கே தைலம்மாளுக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது.

முன்னால் வந்திருந்த கூட்டம் கலைந்து, இரண்டு மணி சுமாருக்குத்தான் மஞ்சள் பை காலியாயிற்று. ஒவ்வொன்றாக உரைத்தார், நிறுத்தார், அழுக்குக்கும் அரக்குக்கும் எவ்வளவு கழிகிறது என்று காட்டிச் சொன்னார். தங்கம் விற்கிற விலைக்கு ஒற்றை ஜிமிக்கிகூட ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படியும் அவள் நினைத்த மாதிரி பாதிக்குத்தான் வந்தது.

“அவ்ளோதான?” என்று ராஜவேலு எழுந்துகொண்டான். “சரி, மீதிய கடன கிடன வாங்கிக்கலாம். கெளம்பு.”

தைலம்மாள் கிளம்பவில்லை. வாயெல்லாம் பல்லாக, இரண்டு கையையும் பின்கழுத்துக்குக் கொண்டுபோய், சங்கிலியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். வைத்துவிட்டுப் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. ஐயோ பாவம், எவ்வளவு ஆசையாக வாங்கிப் போட்டது, மனசு கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டாள்.

“கழுத்துல கெடக்கட்டும் தைலம்” என்றான் ராஜவேலு. குரலே எழும்பவில்லை.

“கெடந்தது போதும். ஆட்டோ சம்பாரிச்சுக் குடுக்கும், இன்னொண்ணு வாங்கிக்கலாம்.”

அவன் தண்ணீர் கேட்டான். குடித்தான். இன்னொரு சொம்பு கேட்டான். விழுப்புரம் பஸ் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான். இதற்குள் நயினார் சங்கிலியை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டு ஆசிட் விட்டார். கோடு பச்சையாகப் பொங்கி மறைந்தது. அவர் மறுபடியும் இழுத்தார். மறுபடியும் பச்சை.

“கோவிச்சுக்காதீங்கம்மா. இது கவரிங்.”

தைலம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு நேரம் வைத்திருந்த மரியாதையை ஒரே நொடியில் திருப்பி எடுத்துக்கொண்டாள். மிஷினில் வைக்கச் சொன்னாள். வைத்தார். மிஷினும் அதையே சொன்னது. முக்காலே மூணு வீசம் செம்பு. அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. என் புருஷன் வாயில்லாப் பூச்சி என்று தெரிந்துகொண்டு பாண்டிச்சேரிக்காரன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டானே என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“யோவ், எழுந்திரு. பாண்டிச்சேரிக்குப் போறோம். அந்தக் கடைய ரெண்டுல ஒண்ணு பாத்துட்டுத்தான் மறு வேலை.”

அவள் படியிறங்கியே விட்டாள். இனி மறைத்தால் ஒரு பாவமும் அறியாத எந்தக் கடைக்காரனோ இவள் கையில் சிக்கிச் சின்னாபின்னமாவான் என்று ராஜவேலுவுக்குத் தெரிந்துபோயிற்று. இவள் கோபம் அவனுக்குத் தெரியாததா.

“அவங்க மேல தப்பு இல்ல தைலம்” என்றான். “நான் கேட்டதே கவரிங்தான்.”

விஷயம் அப்புறம் மளமளவென்று வந்தது. அன்புச்செல்வி சங்கிலி போட்ட வருஷம் தைலம்மாள் அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். கையில் இருந்த பணத்தோடு பாண்டிச்சேரிக்குக் கிளம்பினால், போகும்போதே படகு என்ஜின் ரிப்பேர் என்று போன். பணம் என்ஜினுக்குப் போனது. வெறுங்கையோடு வர மனசில்லாமல் ஒரு கவரிங் சங்கிலி வாங்கினான். பொங்கலுக்குள் நிஜத்தை வாங்கி மாற்றிவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் அதை அவள் கழுத்தில் போட்டதும் அவள் அழுத அழுகையும், தெருவுக்கே வஞ்சிரம் வறுத்துப் போட்ட போடும் அவன் வாயை அடைத்துவிட்டன. அந்தப் பொங்கல் போனது. அடுத்த பொங்கலும் போனது.

“அப்ப வருசா வருசம் பாலிஷ் போட்டுக்கினு வருவியே?”

“பாலிஷ் இல்ல. கறுத்துடும்ல. பழச கடல்ல போட்டுட்டு அதே மாதிரி புதுசு வாங்கியாருவேன்.”

“ஒரு வருசம் நீண்டுதே?”

“அந்த வாட்டி அந்த அளவு ஸ்டாக் இல்லன்னுட்டாங்க” என்றான் ராஜவேலு.

நயினார் நாகரிகமானவர். சுவரில் கோணலே இல்லாத காலண்டரை எழுந்து போய் நேராக்கினார். தைலம்மாளுக்கு நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது, பாதி வழி வந்தது. அதற்குள் அவளுக்குத் தன் முட்டித் தையல் நினைவு வந்தது. செம்புக்காகத் தார் ரோட்டில் புரண்டது. தங்கம் சூட்டில் இளகி நீளும் என்று அன்புச்செல்விக்குப் பாடம் எடுத்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் குப்பத்துப் பெண்கள் வந்து இரவல் கேட்டபோது, பத்திரம் பத்திரம் என்று ஆயிரம் முறை சொல்லிக் கொடுத்தது. பெண் பார்க்க வந்த எத்தனை மாப்பிள்ளை வீட்டார் இந்தச் செம்பைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். ராஜவேலு திருதிருவென்று விழித்தான். திட்டினால் தாங்கிக்கொள்ள அவனுக்குத் தெரியும், இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும்தான் கடிகாரம் கண்ணில் பட்டது. மூன்றாகப் போகிறது. பாதிப் பணம்தான் இருக்கிறது. ஆட்டோ கைவிட்டுப் போகிறது என்று உறைத்ததும் அவள் முகம் அப்படியே வாடிவிட்டது. மறுபடியும் கூடை, மறுபடியும் விசில், மறுபடியும் அந்தப் புளியமரம் இல்லாத ரோடு. நயினாரே, இதுக்குக் கொஞ்சமாவது தரமாட்டீங்களா என்று செம்புச் சங்கிலியைக் காட்டிக் கேட்டாள். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். ராஜவேலு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“வெள்ளி வாங்குவீங்களா நயினாரே? ஈயமாக்கூட இருக்கலாம். கொஞ்சம் பாருங்க.”

சட்டையைத் தூக்கினான். இடுப்பில் விரல் தண்டிக்கு ஓர் அரைஞாண். கல்யாணத்தின்போது தைலம்மாளின் அப்பா போட்டது. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய மனுஷன், எப்படிச் சேர்த்தாரோ, மாப்பிள்ளைக்கு வெள்ளியில்தான் போடுவேன் என்று போட்டார். ராஜவேலு அதை ஒரு நாளும் வெள்ளி என்று ஒப்புக்கொண்டதில்லை. குடித்தாலும் குடிக்காவிட்டாலும், உங்கப்பன் போட்ட ஈயம் என்றுதான் பேச்சு. முப்பது வருஷமாக அவள் வாய் அடைபட்டது இந்த ஒரு இடத்தில்தான். அப்படிப் பழித்தானே ஒழிய, கழற்றியதில்லை. அது இடுப்பில் இல்லாமல் கடலில் கால் வைத்ததும் இல்லை.

நயினார் குனிந்து, நுனியை லேசாகச் சுரண்டி உரைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு இருந்தது.

“அசல் வெள்ளிம்மா. இந்தக் காலத்துல இவ்ளோ சுத்தமா யாரும் அடிக்கிறதில்ல.”

தைலம்மாள் எழுந்து நின்றாள். பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. புருஷனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் அவள் அப்பா வந்து நின்றார். உப்புப் பூத்த காலோடு, மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார். ராஜவேலு தரையைப் பார்த்தான்.

வெள்ளி இப்போது விற்கிற விலைக்கு அரைஞாண் மட்டும் போதும், மீதிக் கணக்கு முடிந்துவிடும். ஆனால் அது கழன்றால்தானே. கொக்கி உப்புத் தண்ணீரில் இறுகிப் போயிருந்தது. வயிறோ, போட்ட நாளில் இருந்ததைப்போல் இரண்டு மடங்கு. மூச்சை இழுத்துப் பிடித்துப் பார்த்தான், எண்ணெய் தடவிப் பார்த்தான். வேறு வழியில்லை, வெட்டத்தான் வேண்டும். நயினார் கட்டரை எடுத்ததும் தைலம்மாள் குறுக்கே பாய்ந்து அவர் கையைத் தடுத்தாள். உயிரோடு இருக்கிற ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. அரைஞாணை அறுப்பது ஆள் போன பிறகு செய்கிற காரியம். புதுக் கயிறு ஏறிய பிறகுதான் பழையது இறங்க வேண்டும். ஓடிப்போய் எதிர்க்கடையில் சிவப்புக் கயிறு வாங்கி வந்தாள். புருஷனைக் கடையின் உள்ளறைக்குத் தள்ளிக்கொண்டு போய், சாமியை வேண்டிக்கொண்டு, மூன்று முடிச்சுப் போட்டு இறுக்கினாள்.

“எனக்குத் தாலி கட்ற மாரி இருக்குது” என்றான் ராஜவேலு.

“ஆமா. இது அசல்” என்றாள் அவள்.

கட்டர் ஒரு கடி கடித்தது. வெள்ளி தராசுக்குப் போனது, பணம் அவள் கைக்கு வந்தது, செம்புச் சங்கிலி மறுபடியும் கழுத்துக்கு ஏறியது. வெளியே வந்து பத்தடி வைத்ததும்தான் அடுத்த சங்கடம் தெரிந்தது. முப்பது வருஷமாக ராஜவேலுவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது அவன் இடுப்பல்ல, மாமனாரின் வெள்ளி. மெல்லிய கயிற்றுக்கு அந்தக் கனம் இல்லை. விழுப்புரம் பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் ஓடினாள். அவன் வேட்டியை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினான். கம்பியைப் பிடிக்கக் கை இல்லாமல் படியில் நின்று தடுமாறியவனை, தைலம்மாள்தான் காலரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். விக்கிரவாண்டி வரும்வரை அவளால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. முன் சீட்டுக் குழந்தை ஒன்று காரணமே தெரியாமல் அவளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு வந்தது.

விழுப்புரம் நான்குமுனைச் சந்திப்புக்குப் பக்கத்துச் சந்தில் அந்த ஆட்டோ நின்றது. பக்கத்தில் காந்திமதியும், ரொக்கத்தோடு காத்திருந்த அறிவுச்செல்வன் என்கிற ஆளும் நின்றார்கள். ஐந்தாகச் சில நிமிஷம் இருந்தது. அறிவுச்செல்வனுக்கு முகம் சுண்டிவிட்டது. வாங்குகிறது சரி, வண்டி யார் ஓட்டப்போறது என்று ராஜவேலுவைப் பார்த்து நக்கலாகக் கேட்டார். ராஜவேலு இரண்டு கையும் வேட்டியில் இருந்தபடியே, எனக்குக் கை காலி இல்லீங்க, அவங்கதான் ஓட்டுவாங்க என்றான். காந்திமதி சிரித்துவிட்டுச் சாவியைத் தைலம்மாள் கையில் வைத்தாள். கையெழுத்து, புத்தகம் எல்லாம் முடித்து, ஒற்றைச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியைத் திருகினாள் தைலம்மாள். ஆட்டோ இருமிவிட்டுக் கிளம்பியது. அவள் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

ராஜவேலு பின்பெட்டியில், அழுகிய தக்காளி வாசனைக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். நெடுஞ்சாலைக் காற்றில் அவள் முந்தானை பறந்தது. திண்டிவனம் வந்ததும் நேரு வீதிக்குள் வேண்டுமென்றே ஒரு சுற்று விட்டாள். ஜைன வழக்கப்படி பொழுது சாயுமுன்பே கடையில் சாப்பிட்டு முடித்து, கதவைப் பூட்டிக்கொண்டிருந்த நயினார் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பி, சாவிக்கொத்தோடு கையை உயர்த்தினார். பிரம்மதேசம் வருவதற்கு முன், அன்றைக்கு அவளை இறக்கிவிட்ட அந்தப் பொட்டல் இடத்தில் மட்டும் வண்டியை மெதுவாக்கி, நீளமாக ஒரு ஹாரன் அடித்தாள். யாரும் இல்லை. ஆனாலும் அடித்தாள்.

பின்னால் ராஜவேலு ஏதோ கத்திக்கொண்டே வந்தான். அடுத்த பொங்கலுக்கு நிஜச் சங்கிலி, சத்தியமாக, கடலம்மா மேல் ஆணை என்று காற்றில் துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

குப்பத்துக்குத் திரும்பும் முனையில், தெருவிளக்கின் கீழ் ஆட்டோவை நிறுத்தினாள். தெருக்கோடியில் அன்புச்செல்வியும் மற்ற பெண்களும் இவர்களுக்காகக் கூடி நிற்பது தெரிந்தது. திட்டு இப்போதுதான் வரப்போகிறது என்று ராஜவேலு இறங்கி, வேட்டியைப் பிடித்தபடி வந்து அவள் பக்கத்தில் நின்றான். அவள் முடியை ஒதுக்கிவிட்டு, கழுத்தைச் சாய்த்துக் காட்டினாள்.

“பின்கழுத்துல கறுத்துக்கினு வருதா பாரு.”

அவன் குனிந்து பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

“லேசா கறுத்திருக்குது” என்றான்.

“அப்ப நாளைக்கே போய் பாலிஷ் போட்டுக்கினு வா. இந்த வாட்டி கொஞ்சம் நீளமா போடச் சொல்லு.”

ராஜவேலுவுக்குக் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளக் கை காலியில்லாததால் அப்படியே பின்பெட்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டான். தைலம்மாள் சங்கிலியை எடுத்துப் புடவைக்கு வெளியே போட்டுக்கொண்டு, ஹாரனை அடித்தபடி தெருவுக்குள் வண்டியைத் திருப்பினாள்.